ஒரே லினக்ஸ், ஒரே நாள், இரண்டு பதிப்பு: எங்கே தேடுவது?

கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் வாசகசாலையில் இரண்டு பழைய லேப்டாப்கள் இருக்கின்றன. ஒரே கம்பெனி, ஒரே மாடல், வாங்கிய ரசீதுகூட ஒன்றுதான். இரண்டிலும் உபுண்டு 22.04 என்ற லினக்ஸ் போட்டுக் கொடுத்தது நான். ஒரே பென் டிரைவ், ஒரே சாயங்காலம். அன்றைக்கு அங்கே நெட் இல்லை. பென் டிரைவில் இருந்ததை மட்டும் வைத்து வேலையை முடித்து, இரண்டையும் ஒரே மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

சில மாதம் கழித்து, அங்கே வரும் பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி என்னைக் கூப்பிட்டாள். தமிழ் வழியில் படிக்கிறவள். பள்ளியில் லிட்டில் கைட்ஸ் என்ற ஐடி மாணவர் குழுவில் இருக்கிறாள். இரண்டு திரையிலும் லிப்ரெஆபிஸ் என்ற அலுவலக மென்பொருளைத் திறந்து, பதிப்பு எண் காட்டும் பெட்டியை எடுத்து வைத்திருந்தாள். ஒன்றில் 7.3.7. இன்னொன்றில் 7.3.2.

"அண்ணா, ரெண்டுலயும் ஒரே நாள்லதானே போட்டீங்க? அப்ப இது மட்டும் ஏன் பழசா இருக்கு? அப்டேட் குடுத்துப் பாத்தேன், புதுசு ஒண்ணுமில்லன்னு சொல்லுது."

லினக்ஸுக்குப் புதிதாக வந்த எல்லாரும் ஒரு நாள் இதே இடத்தில் வந்து நிற்பார்கள். அவளோடு உட்கார்ந்து நான் தேடிய வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன். உபுண்டு, டெபியன், மின்ட் வைத்திருக்கிற யாருக்கும் இது பொருந்தும். கட்டளைகளை ஒலிப்புப்படி தமிழ் எழுத்தில் கொடுத்திருக்கிறேன். டெர்மினலில், அதாவது கட்டளை கொடுக்கும் ஜன்னலில், அடிக்கும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடியுங்கள்.

தொடங்குமுன் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் பக்கத்தில், கேரள-தமிழ்நாடு எல்லையில் இருக்கும் வேலந்தாவளம் செக்போஸ்டுக்கு இந்தப் பக்கம் பெட்ரோல் ஒரு விலை, அந்தப் பக்கம் வேறு விலை. வண்டி ஒன்றுதான், பெட்ரோலும் ஒன்றுதான். எந்த பங்கில், எந்த நாளில் போட்டீர்கள் என்பதுதான் விலையைச் சொல்லும். பதிப்பு எண்ணும் அப்படித்தான். அது கணினிக்குள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கிற விஷயமில்லை. உங்கள் கணினி எங்கே போய்க் கேட்டது, எப்போது கேட்டது, நீங்கள் அதற்கு என்ன விதி போட்டு வைத்திருக்கிறீர்கள் என்ற மூன்றையும் சேர்த்து அது கணக்குப் போட்டுச் சொல்லும் பதில் அது. நான்காவதாக ஒன்றும் உண்டு. அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில்: உண்மையிலேயே இரண்டும் ஒன்றுதானா?

இதற்கு இரண்டு நிமிடம் போதும், ஆனால் தவிர்க்காதீர்கள். இரண்டு கணினியிலும் 'கேட் /ஈடிசி/ஓஎஸ்-ரிலீஸ்' என்று கொடுங்கள். பெயர், எண், செல்லப் பெயர் எல்லாம் வரும். 22.04 என்றால் 'ஜாமி', 24.04 என்றால் 'நோபிள்' என்று இருக்கும். பிறகு 'டிபிகேஜி --பிரிண்ட்-ஆர்க்கிடெக்சர்'. சாதாரண லேப்டாப்பில் ஏஎம்டி64 என்று வரவேண்டும். ராஸ்பெரி பை போன்றவற்றில் ஏஆர்எம்64. இது மாறினால் பேக்கேஜ் (நிறுவுவதற்கு ஏற்றபடி கட்டித் தரும் மென்பொருள்) எடுக்கிற சர்வரே வேறு. உபுண்டுவில் ஏஆர்எம் பேக்கேஜ்கள் 'போர்ட்ஸ்' என்ற தனி இடத்திலிருந்து வருகின்றன.

பார்க்க உபுண்டு மாதிரியே இருப்பதெல்லாம் உபுண்டு இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கேரளப் பள்ளிகளில் கைட் என்ற அரசு அமைப்பு கொடுக்கும் இயங்குதளம் உபுண்டுவிலிருந்து வந்தது. பாடத்துக்கு வேண்டிய மென்பொருள்களை அவர்கள் சேர்த்துத் தருகிறார்கள். லினக்ஸ் மின்ட் 21-ம் உபுண்டு 22.04-ன் மேல் கட்டியதுதான், ஆனால் பயர்பாக்ஸை மின்ட்காரர்களே தனியாகத் தருகிறார்கள். பள்ளி லேப்டாப்பையும் வீட்டு லேப்டாப்பையும் ஒப்பிட்டு வித்தியாசம் கண்டால் அது பிழை இல்லை. எங்கள் இரண்டு லேப்டாப்பிலும் எல்லா வரியும் ஒன்றாகவே இருந்தன.

லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்கு மட்டும் ஒரு வார்த்தை. 'யூநேம் -ஆர்' கொடுத்தால் ஒரு 22.04-ல் 5.15 என்றும் இன்னொரு 22.04-ல் 6.8 என்றும் வரலாம். இரண்டும் சரிதான். முதல் நாளிலிருந்து வரும் கெர்னல் வரிசை ஒன்று. புதிய வன்பொருளுக்காக எச்டபிள்யூஇ என்ற பெயரில் நடுவில் ஏறும் வரிசை இன்னொன்று. சர்வர் பதிப்பு வழக்கமாக முதலாவதையும், டெஸ்க்டாப் இரண்டாவதையும் எடுக்கும்.

இரண்டாவது: கடைசியாக எப்போது கேட்டது?

புதியவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இதுதான் என்பதால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

ஆப்ட் என்பது மென்பொருள்களை நிறுவிப் புதுப்பிக்கும் கருவி; சூடோ என்றால் நிர்வாகி உரிமையோடு செய் என்று பொருள். 'சூடோ ஆப்ட் அப்டேட்' என்ற கட்டளை எந்த மென்பொருளையும் புதுப்பிக்காது. சர்வரில் இப்போது என்னென்ன இருக்கிறது என்ற பட்டியலை மட்டும் இறக்கி, '/வார்/லிப்/ஆப்ட்/லிஸ்ட்ஸ்' என்ற அடைவில் வைத்துக்கொள்ளும். 'சூடோ ஆப்ட் அப்கிரேட்' அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் வேலை செய்யும். பட்டியல் மூன்று மாதப் பழையதாக இருந்தால், மூன்று மாதத்துக்கு முந்தைய உலகம்தான் அதற்குத் தெரியும். அந்த உலகத்தில் புதிது ஒன்றுமில்லை என்று நல்ல மனதோடு சொல்லிவிடும்.

எனவே இரண்டு கணினியிலும் அப்டேட் கொடுத்து, ஓடுகிற வரிகளைக் கண்ணால் படியுங்கள். 'ஹிட்' என்று தொடங்கினால் பட்டியல் ஏற்கெனவே புதியது. 'கெட்' என்றால் புதிதாக இறங்குகிறது. 'எர்ர்' என்றால் தோல்வி. 'இக்ன்' என்றால் அதை விட்டுவிட்டுப் போகிறது. சில வரிகள் தோற்றாலும் ஆப்ட் அங்கேயே நின்றுவிடாது. சில பட்டியல்கள் இறங்கவில்லை, பழையதையே பயன்படுத்துகிறேன் என்று கடைசியில் ஒரு எச்சரிக்கை போட்டுவிட்டு முடித்துக்கொள்ளும். அடுத்து அப்கிரேட் கொடுத்தால் அதுவும் அமைதியாக முடியும். எல்லாம் சரியாக நடந்தது போலவே இருக்கும்.

அந்தப் பெண் இரண்டாவது லேப்டாப்பில் கட்டளையைக் கொடுத்தாள். வரிகள் ஓடின. கடைசியில் சிவப்பு எழுத்தில் 'ஈ:' என்று தொடங்கும் சில வரிகள். அவற்றின் நடுவில் 'ரிலீஸ் ஃபைல்... இஸ் நாட் வேலிட் எட்' என்று இருந்தது. இந்தப் பட்டியல் இன்னும் செல்லுபடியாகத் தொடங்கவில்லை என்று பொருள்.

"இன்னும் தொடங்கலன்னா... நாளைக்கு வரவேண்டியது இன்னிக்கே வந்துடுச்சா அண்ணா?"

சரியாகப் பிடித்தாள். திரையின் மேலே இருந்த தேதியைப் பார்த்தோம். பல வாரம் பின்தங்கியிருந்தது.

ஒவ்வொரு பட்டியலோடும் 'ரிலீஸ்' என்ற ஒரு கோப்பு வரும். அது எந்தத் தேதியில் உருவானது என்று அதற்குள் எழுதி, ஜிபிஜி சாவியால் டிஜிட்டல் கையெழுத்தும் போட்டிருப்பார்கள். நம் கணினியின் கடிகாரம் அந்தத் தேதியைவிடப் பின்தங்கியிருந்தால், எதிர்காலத்திலிருந்து வந்த பட்டியலை நம்ப மாட்டேன் என்று ஆப்ட் மறுத்துவிடும். டெபியனில் எதிர்ப்பக்கமும் நடக்கலாம்: ஒரு பட்டியல் எந்த நாள்வரை செல்லும் என்றும் அவர்கள் சில பட்டியல்களில் எழுதுவதால், கடிகாரம் மிகவும் முன்னால் ஓடினால் காலாவதி என்று தள்ளிவிடும். பழைய பட்டியலைக் கொடுத்து யாரும் நம்மை ஏமாற்றக்கூடாது என்பதற்காக வைத்த பாதுகாப்பு இது. நல்ல ஏற்பாடு; அதை அணைத்துவிடச் சொல்லும் குறுக்குவழிகளைத் தயவுசெய்து செய்யாதீர்கள். கடிகாரத்தைச் சரிசெய்யுங்கள்.

எங்கள் லேப்டாப்பில் மதர்போர்டில் இருக்கும் சின்ன செல் தீர்ந்துபோயிருந்தது. பூட்டி வைத்திருந்த நாட்களை அது எண்ணவே இல்லை. செல் செத்தாலும் நெட் வந்ததும் உபுண்டு தானாகவே சரியான நேரத்தை வாங்கிக்கொள்ளும். ஆனால் செட்டிங்ஸில் தேதியும் நேரமும் தானாக வாங்கும் சுவிட்சை யாரோ அணைத்திருந்தார்கள். சுவிட்சைப் போட்டதும் அரை நிமிடத்தில் தேதி சரியானது. அப்டேட், அப்புறம் அப்கிரேட். லிப்ரெஆபிஸ் 7.3.7 வந்துவிட்டது. செல்லை அடுத்த வாரம் பாலக்காட்டில் மாற்றினோம். வயர் ஒட்டிய சிஆர் 2032 அது. பிரிக்கும்போது பேட்டரியை முதலில் கழற்றிவிட வேண்டும்.

ஆனால் விஷயம் அங்கே முடியவில்லை. இரண்டு கணினியிலும் உள்ள எல்லா பேக்கேஜ்களையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று அவளே சொன்னாள். 'டிபிகேஜி -எல்' கொடுத்து விடையை ஒரு கோப்பில் எழுதி, பென் டிரைவில் கொண்டுவந்து 'டிஃப்' கட்டளையால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். இன்னும் ஏழெட்டு பேக்கேஜ்கள் வேறுபட்டன. இதற்குக் கடிகாரம் காரணம் இல்லை.

மூன்றாவது: கணினியையே கேளுங்கள்

இந்தக் கட்டுரையிலிருந்து ஒரே ஒரு கட்டளையை எடுத்துக்கொண்டு போவதென்றால் 'ஆப்ட் பாலிசி'யை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பின்னால் பேக்கேஜின் பெயர். சூடோ தேவையில்லை, எதையும் மாற்றாது, பயப்படாமல் எத்தனை முறை வேண்டுமானாலும் அடிக்கலாம்.

விடையில் முதலில் 'இன்ஸ்டால்ட்' என்று ஒரு வரி: இப்போது உள்ளே இருக்கும் பதிப்பு. அடுத்தது 'கேண்டிடேட்': இப்போது நிறுவச் சொன்னால் எதை எடுப்பேன் என்று ஆப்ட் முடிவு செய்திருக்கும் பதிப்பு. பிறகு 'வெர்ஷன் டேபிள்'. அதன்கீழ் தனக்குத் தெரிந்த ஒவ்வொரு பதிப்பும், அது எந்த முகவரியிலிருந்து வருகிறது என்பதும், அந்த முகவரிக்கு எத்தனை மதிப்பெண் என்பதும் இருக்கும். மூன்று நட்சத்திரம் போட்ட வரிதான் இப்போது நிறுவியிருப்பது.

லிப்ரெஆபிஸ் ரைட்டருக்கு இதைக் கேட்டால் ஒழுங்காக இருக்கும் 22.04-ல் மேலே 7.3.7 வரும், அதற்கு நேராக 'ஜாமி-அப்டேட்ஸ்', 'ஜாமி-செக்யூரிட்டி' என்ற பெயர்கள். கீழே 7.3.2, அதற்கு நேராக வெறும் 'ஜாமி'. இதைப் பார்த்தாலே பாதி புரிந்துவிடும்: 7.3.2 என்பது 2022 ஏப்ரல் 21 அன்று 22.04 வெளியானபோது அதனுடன் வந்தது. அந்த 'ஜாமி' பெட்டியை அன்றைக்கே பூட்டிவிட்டார்கள். அதில் இனி எதுவும் மாறாது. அதற்கப்புறம் வந்த திருத்தங்கள் எல்லாம் வேறு பெட்டிகளில் வருகின்றன.

மதிப்பெண்ணையும் கவனியுங்கள். சாதாரணமான இடத்துக்கு 500. ஏற்கெனவே நிறுவியிருப்பதற்கு 100. புதிய பதிப்புகளைத் தனியாக வைத்திருக்கும் பேக்போர்ட்ஸ் பெட்டிக்கு 100. மதிப்பெண் அதிகமான இடத்துக்கு முன்னுரிமை. மதிப்பெண் சமமானால் பதிப்பு எண் பெரியது ஜெயிக்கும். 1000 அல்லது அதற்கு மேல் போனால் பழைய பதிப்புக்குக் கீழிறங்கக்கூட ஆப்ட் சம்மதிக்கும். பேக்போர்ட்ஸில் புதிய பதிப்பு கண்ணெதிரே தெரிந்தும் ஆப்ட் அதைத் தானாக எடுக்காததற்கு இந்த 100-தான் காரணம். வேண்டுமென்றால் நீங்கள்தான் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

இரண்டு கணினியின் விடையையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒன்றின் அட்டவணையில் இருக்கும் முகவரி இன்னொன்றில் இல்லையென்றால் நான்காவது படிக்குப் போங்கள். முகவரிகள் எல்லாம் ஒன்றாக இருந்தும் ஒன்று மட்டும் புதியதை எடுக்காமல் நின்றால் ஐந்தாவது படிக்குப் போங்கள்.

நான்காவது: எந்தக் கடைக்குப் போகிறது?

முகவரிகள் '/ஈடிசி/ஆப்ட்/சோர்சஸ்.லிஸ்ட்' என்ற கோப்பிலும், பக்கத்திலேயே இருக்கும் 'சோர்சஸ்.லிஸ்ட்.டி' என்ற அடைவிலும் இருக்கும். 24.04 முதல் புதிதாக நிறுவிய உபுண்டுவில் முக்கியமான முகவரிகளே அந்த அடைவுக்குள் 'உபுண்டு.சோர்சஸ்' என்ற கோப்புக்குப் போய்விட்டன. சோர்சஸ்.லிஸ்ட் காலியாக இருக்கிறதே என்று பதறி, பழைய வரிகளைக் கொண்டுவந்து ஒட்டாதீர்கள்.

இங்கே நான்கு இடத்தில் வேறுபாடு வரும்.

பெட்டி முதலாவது. வெறும் ஜாமி, ஜாமி-அப்டேட்ஸ், ஜாமி-செக்யூரிட்டி, ஜாமி-பேக்போர்ட்ஸ். இவை போக, சோதனையில் இருக்கும் 'புரொபோஸ்டு' என்ற பெட்டியும் உண்டு. சாப்ட்வேர் அண்ட் அப்டேட்ஸ் ஜன்னலில் ஒரு டிக் போட்டால் அது திறந்துவிடும். சோதித்து முடிக்காத பேக்கேஜ்கள் வரத்தொடங்கும். பொதுவில் பலர் உட்காரும் கணினியில் அதை டிக் செய்யாமல் விடுங்கள்.

பிரிவு அடுத்தது. மெயின், ரெஸ்ட்ரிக்டட், யுனிவர்ஸ், மல்டிவர்ஸ். ஒரு கணினியில் யுனிவர்ஸ் அணைந்திருந்தால், அதில் இருக்கும் ஆயிரக்கணக்கான பேக்கேஜ்கள் அதற்குத் தெரியவே தெரியாது.

மிரர் மூன்றாவது. இந்தியாவில் நிறுவும்போது முகவரியின் முன்னால் 'ஐஎன்' என்று சேர்ந்துகொள்ளும். மிரர் என்பது நகல்தானே, மூலத்தைப் பார்த்து நேரத்துக்கு நேரம் எடுத்துக்கொள்ளும். நடுவில் ஒரு கணினி மூலத்தைக் கேட்டு, இன்னொன்று நகலைக் கேட்டால், சில மணி நேரத்துக்கு இரண்டும் இரண்டு பதில் தரும். இது தானாகவே சரியாகிவிடும். பாதுகாப்புத் திருத்தங்களுக்கு மட்டும் நேராக 'செக்யூரிட்டி' முகவரிக்கே போவதாக உபுண்டு அமைத்திருப்பது இந்தத் தாமதத்தைத் தவிர்க்கத்தான். அந்த வரியை மிரருக்கு மாற்றாதீர்கள்.

கடைசியாக, வெளியாள் கடைகள். பிபிஏ என்று சொல்வார்கள். ஏதாவது ஒரு மென்பொருளின் புதிய பதிப்பு வேண்டுமென்று யாரோ ஒருநாள் சேர்த்திருப்பார்கள், பிறகு மறந்திருப்பார்கள். எங்கள் முதல் லேப்டாப்பில் இப்படி ஒன்று கிடந்தது. வேறுபட்ட ஏழெட்டு பேக்கேஜ்களில் ஐந்து அதன் வழியாக வந்தவை. பிபிஏ தப்பில்லை. ஆனால் யார் நடத்துகிறார்கள், இப்போதும் கவனிக்கிறார்களா என்று தெரிந்த பிறகே வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் உங்கள் கணினியில் ரூட் (முழு நிர்வாகி) உரிமையோடு எதையும் நிறுவும் சாவியை அவர்களிடம் கொடுக்கிறீர்கள்.

டெபியன்காரர்களுக்கு இன்னொன்று. முகவரி வரியில் சிலர் 'புக்வோர்ம்' என்று டெபியன் 12-ன் பெயரை எழுதுவார்கள், சிலர் 'ஸ்டேபிள்' என்று எழுதுவார்கள். 2023 ஜூன் 10 முதல் இரண்டும் ஒன்றையே குறித்தன. 2025 ஆகஸ்ட் 9 அன்று டெபியன் 13 'ட்ரிக்ஸி' வெளியானதும் ஸ்டேபிள் என்ற சொல் அதற்குப் போய்விட்டது. ஒரு எழுத்துக்கூட மாற்றாமலே ஒரு கணினி 12-லும் இன்னொன்று 13-ஐ நோக்கியும் பிரிந்துவிடும். பெயரை எழுதுவதே என் பழக்கம். புதியவர்களுக்கும் அதைத்தான் சொல்வேன். வீடு மாறும் நாளை நாம்தான் தீர்மானிக்க வேண்டும்.

ஐந்தாவது: எல்லாம் ஒன்றாக இருந்தும் வேறுபடுகிறதா?

நான்காவதாக ஒன்று உண்டு என்று மேலே சொன்னேனே, அது இதுதான். கடிகாரம் சரி, முகவரி சரி, அந்த பிபிஏவையும் எடுத்துவிட்டோம். அப்படியும் சில பேக்கேஜ்களை ஒரு லேப்டாப் எடுத்துக்கொண்டது, இன்னொன்று 'கெப்ட் பேக்' என்று ஒதுக்கி வைத்தது. புதிய ஆப்ட்டில் இதையே 'டிஃபர்ட் டியூ டு ஃபேசிங்' என்று தெளிவாகச் சொல்வார்கள்.

உபுண்டு ஒரு அப்டேட்டை எல்லாருக்கும் ஒரே நேரத்தில் கொடுப்பதில்லை. முதலில் 10 சதவீதக் கணினிகளுக்கு. பிழை அறிக்கைகள் கூடவில்லையென்றால் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை இன்னொரு 10 சதவீதம். இப்படியே ஏறி இரண்டேகால் நாள் போல ஆகும்போது எல்லாருக்கும் கிடைத்திருக்கும். நடுவில் பிரச்சினை தெரிந்தால் நிறுத்திவிடுவார்கள்; பெரும்பாலானவர்கள் தப்பித்துக்கொள்வார்கள். 21.04 முதல் இதை ஆப்ட்டே பார்த்துக்கொள்கிறது.

அந்த 10 சதவீதத்தில் யார் என்பதை எப்படித் தீர்மானிப்பது? ஒவ்வொரு கணினியிலும் '/ஈடிசி/மெஷின்-ஐடி' என்ற சின்னக் கோப்பு ஒன்று இருக்கிறது. நிறுவும்போது உருவாகும் 32 எழுத்துக்கள், கணினிக்குக் கணினி வேறு. அந்த எழுத்துக்களையும், பேக்கேஜின் பெயரையும், பதிப்பு எண்ணையும் சேர்த்து விதையாக்கி, ஆப்ட் 0 முதல் 100-க்குள் ஓர் எண்ணை எடுக்கும். அந்த எண் இப்போதைய சதவீதத்தைவிடப் பெரியதாக இருந்தால், உன் முறை இன்னும் வரவில்லை என்று பொருள். சர்வர் யாரையும் தேர்ந்தெடுப்பதில்லை. உங்கள் விவரம் எங்கேயும் போவதில்லை. கணக்கு முழுக்க உங்கள் கணினிக்குள்ளேயே நடக்கிறது. பதிப்பு எண்ணும் விதையில் சேர்வதால் ஒரே கணினி எப்போதும் கடைசியில் நிற்காது. ஒருமுறை முந்தும், ஒருமுறை பிந்தும்.

அவளிடம் இரண்டு கோப்பையும் 'கேட்' கட்டளையால் திறந்து காட்டினேன். முதல் எழுத்திலிருந்தே வேறாக இருந்தன. "அப்ப ரெண்டும் ஒண்ணுன்னு நாமதான் நெனச்சிட்டிருந்தோம்" என்றாள்.

உங்களுக்கும் இதுதான் நடக்கிறதா என்று தெரிய, ஆப்ட் பாலிசி கொடுத்துப் பாருங்கள். அட்டவணையில் புதிய பதிப்புக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'ஃபேஸ்டு' என்று ஒரு சதவீதம் இருந்தால் இதுதான். செய்யவேண்டியது காத்திருப்பது மட்டும். பேக்கேஜ் பெயரைச் சொல்லி வலுக்கட்டாயமாக நிறுவ முடியும், ஆனால் அவசரம் ஒன்றுமில்லை: பாதுகாப்புத் திருத்தங்கள் செக்யூரிட்டி பெட்டி வழியாக இந்த வரிசைக்கு நிற்காமலே எல்லாருக்கும் உடனே வருகின்றன.

பள்ளி லேப், டிடிபி கடை என்று பத்துப் பன்னிரண்டு கணினிகளை ஒன்றுபோல வைத்திருக்க வேண்டியவர்களுக்கு வழி இருக்கிறது. ஆப்ட்டின் அமைப்புக் கோப்பில் 'ஆப்ட்::மெஷின்-ஐடி' என்ற விருப்பத்துக்கு எல்லாக் கணினியிலும் ஒரே அடையாளத்தைக் கொடுத்துவிட்டால், எல்லாம் ஒரே நேரத்தில் முந்தும், ஒரே நேரத்தில் காத்திருக்கும். அதற்காக மெஷின்-ஐடி கோப்பையே ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நகல் எடுக்காதீர்கள். ஐபி முகவரி வாங்குவது போன்ற வேறு வேலைகளுக்கும் அதையே நம்பும் அமைப்புகள் உண்டு. இரண்டு கணினிக்கு ஒரே ஐபி கிடைத்து இரண்டும் தடுமாறும். ஹார்டு டிஸ்கை அப்படியே நகலெடுத்து இன்னொரு கணினியில் போடுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆறாவது: சின்னச் சின்னக் காரணங்கள்

'ஆப்ட்-மார்க் ஷோஹோல்டு' கொடுத்துப் பாருங்கள். யாராவது ஒரு பேக்கேஜை நகரவிடாமல் பிடித்து வைத்திருந்தால் பெயர் வரும். '/ஈடிசி/ஆப்ட்/பிரிஃபரன்சஸ்.டி' அடைவில் கோப்பு ஏதாவது இருந்தால் அதுவும் முன்னுரிமையை மாற்றும்.

உபுண்டு புரோ. தனிநபர் 5 கணினி வரை இலவசமாகச் சேர்க்கலாம். சேர்த்த கணினிக்கு யுனிவர்ஸ் பேக்கேஜ்களுக்கும் பாதுகாப்புத் திருத்தம் வரும். பதிப்பு எண்ணின் வாலில் 'ஈஎஸ்எம்' என்று இருக்கும். சேர்க்காத பக்கத்துக் கணினியில் அது வராது. 'புரோ ஸ்டேட்டஸ்' கட்டளையால் இதைத் தெரிந்துகொள்ளலாம்.

ஸ்னாப். இது ஆப்ட்டுக்கு வெளியே மென்பொருள் நிறுவும் இன்னொரு வழி. 22.04-ல் பயர்பாக்ஸ் ஆப்ட் வழியாக வருவதில்லை. ஆப்ட் பாலிசியில் பயர்பாக்ஸைக் கேட்டால் '1ஸ்னாப்1' என்று விநோதமான ஓர் எண் வரும். அது வெறும் வழிகாட்டிப் பலகை. உண்மைப் பதிப்பு 'ஸ்னாப் லிஸ்ட்'டில் இருக்கும். ஸ்னாப் நாளுக்கு நான்கு முறை தானாகப் பார்த்துப் புதுப்பிக்கும், ஒவ்வொன்றும் எந்தச் சேனலில் (வெளியீட்டு வரிசையில்) இருக்கிறது என்பதும் முக்கியம். பிளாட்பேக்கும் இதேபோலத் தனிக் கடை.

எண் சிறியதென்றால் பழையதா?

இதை எழுதாமல் விட எனக்கு மனம் வரவில்லை. பதிப்பு எண்ணைப் பார்த்துப் பயந்து, எங்கிருந்தோ ஒரு டெப் கோப்பை (தனி பேக்கேஜ் கோப்பை) இறக்கிப் போட்டு, நன்றாக இருந்த கணினியைக் கெடுத்துக்கொண்டவர்கள் பலர் என்னிடம் வந்திருக்கிறார்கள்.

2024 ஜூலை 1 அன்று, தூரத்திலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் ஓபன்எஸ்எஸ்எச் மென்பொருளில் ஒரு பெரிய ஓட்டை வெளியே தெரிந்தது. சிவிஇ-2024-6387 என்று எண். மென்பொருளை எழுதியவர்கள் 9.8 என்ற பதிப்பில் அதை அடைத்தார்கள். உபுண்டு 22.04-ல் இருப்பதோ 8.9. அப்படியென்றால் 22.04-காரர்கள் எல்லாம் மாட்டிக்கொண்டார்களா? இல்லை. அந்தத் திருத்தத்தை மட்டும் எடுத்து 8.9-க்குள்ளேயே தைத்து, அன்றைக்கே கொடுத்தார்கள். முன்பாதி 8.9 என்றே இருந்தது. வால் மட்டும் '3உபுண்டு0.10' என்று மாறியது.

ஆகவே எண்ணைப் படிக்கும்போது வாலையும் படியுங்கள். 1:7.3.7-0உபுண்டு0.22.04 என்று தொடங்கும் எண்ணில், முக்காற்புள்ளிக்கு முன்னால் இருக்கும் 1, எண் முறை மாறும்போது வரிசை குழம்பாமல் இருக்கப் போடுவது. நடுவில் 7.3.7, எழுதியவர்கள் கொடுத்தது. கோட்டுக்கு அப்புறம் வருவது உபுண்டுக்காரர்கள் செய்த வேலை. பாதுகாப்பு பெரும்பாலும் அந்தக் கடைசித் துண்டில்தான் இருக்கிறது. சந்தேகமாக இருந்தால் 'ஆப்ட் சேஞ்ச்லாக்' கொடுத்துப் பேக்கேஜ் பெயரைச் சொல்லுங்கள். எந்தத் தேதியில் எந்த ஓட்டையை அடைத்தார்கள் என்று வரிவரியாக வரும்.

இரண்டையும் ஒன்றாக்க

இரண்டிலும் ஒரே முகவரிக் கோப்புகள். வேண்டாத பிபிஏவை 'பிபிஏ-பர்ஜ்' என்ற கருவியால் எடுங்கள். அது பேக்கேஜ்களை உபுண்டுவின் சொந்தப் பதிப்புக்கே இறக்கிவிடும்; முகவரியை மட்டும் நீக்கினால் புதிய பதிப்பு அனாதையாக உள்ளே தங்கிவிடும். பிறகு இரண்டிலும் ஒரே நாளில், ஒரே நெட்டில், அப்டேட்டும் அப்கிரேடும். மொபைல் ஹாட்ஸ்பாட்தான் இருக்கிறதென்றால் 'ஆப்ட்-கேச்சர்-என்ஜி' என்பதை ஒரு கணினியில் நிறுவி, மற்றவை அதன் வழியாகக் கேட்கும்படி செய்யலாம். ஒருமுறை இறங்கிய பேக்கேஜ் இரண்டாம் முறை நெட்டைத் தொடாது. புதிய பதிப்பு எண்ணுக்காக 24.04-ன் வரியை 22.04-ல் சேர்ப்பதை மட்டும் ஒருபோதும் செய்யாதீர்கள். ஒரு பேக்கேஜுக்காகத் திறந்த கதவு வழியாக அடிப்படை நூலகங்கள் எல்லாம் இடம்மாறிவிடும். திரும்பி வர வழி பெரும்பாலும் மறுபடி நிறுவுவதுதான்.

வாசகசாலை லேப்டாப்களில் மிச்சமிருந்த பேக்கேஜ்களுக்காக நாங்கள் எதையும் தொடவில்லை. வெள்ளிக்கிழமை பார்த்தோம். திங்கட்கிழமை பள்ளி விட்டு வந்து அவளே 'டிஃப்' கொடுத்தாள். திரையில் ஒரு வரிகூட வரவில்லை. இப்போது மேசை டிராயரில் ஒரு நோட்டு இருக்கிறது. அப்டேட் கொடுத்த தேதி, யார் கொடுத்தது, புதிதாகச் சேர்த்த முகவரி, மாற்றிய செல். முதல் பக்கம் அவள் கையெழுத்தில், பாதி தமிழிலும் பாதி மலையாளத்திலும் இருக்கிறது.